ராபினும் கருப்பசேர்வையும்

"ராபின் எப்படிப்பா பேட்மேன்கூட சேர்ந்தான்?" என்றான் மகன். சர்க்கஸ் முதலாளி மாமூல் தரலைன்னு ரவுடிகள் ஊஞ்சல் கயிற்றில் அமிலம் தடவ, அந்தரத்தில் பறந்த அப்பா அம்மா பையன் கண்ணெதிரே விழுந்து சாகிறார்கள். அப்புறம்தான் முகமூடி. 1940-இல் வந்த கதை, இன்னும் ஓடுகிறது!

தலைவனுக்குத் துணையாகக் கூட நின்றவன் என்றால், நம்ம சங்ககிரிக் கோட்டையை பஸ்ஸில் தாண்டும்போதெல்லாம் எனக்குக் கருப்பசேர்வை ஞாபகம்தான். தீரன் சின்னமலையின் தளபதி. ஓடாநிலை, அரச்சலூர் என்று கும்பினிப் படையோடு மோதிய கூட்டத்தில் ஒருவர். 1805 ஜூலை 31 அன்று, சின்னமலையோடும் அவர் உடன்பிறந்தவர்களோடும் அதே கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். கூட நின்றவனுக்கும் அதே கயிறு. காமிக்ஸ் மட்டும் கிடையாது.

ஆடிப் பதினெட்டுக்கு அங்கே மாலை போடப் போகிறவர்கள், அவர் பேரையும் ஒருதரம் சத்தமாகச் சொல்லிவிட்டு வாங்க.