ஏற்பும் மாற்றமும்

சிகிச்சை என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம் பெரும்பாலும் ஒன்றுதான்: மருத்துவர் தருவார், நோயாளி பெற்றுக்கொள்வார். எங்கள் மகளோடு ஓராண்டுக்கும் மேலாக நாங்கள் இருவரும் உடன் சென்ற சிகிச்சை அத்தகையதன்று. அதில் வகுப்பு உண்டு, வீட்டுப்பாடம் உண்டு, வருகை கணக்கில் கொள்ளப்படும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் நிலைக்கும், உயிரோடிருப்பதே பாரம் என்னும் எண்ணத்துக்கும் ஆட்பட்ட பத்தொன்பது வயதுப் பெண்ணின் பெற்றோர் நாங்கள். இதே வழியில் அடியெடுத்து வைக்கும் குடும்பங்கள் எதை எதிர்பார்க்கலாம் என்று சொல்லவே இதை எழுதுகிறோம். மகள் படித்துப் பார்த்தாள்; இரண்டு வரிகளை நீக்கச் சொல்லிவிட்டு இசைவு தந்தாள்.

'டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி', சுருக்கமாக டி.பி.டி., சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த மார்ஷா லினஹான் உருவாக்கியது. அதன் முதல் ஆய்வு முடிவுகள் 1991இலும் விரிவான நூல் 1993இலும் வெளிவந்தன. லினஹானே 1961இல், தம் பதினேழாம் வயதில், ஹார்ட்ஃபோர்ட் நகரின் மனநல மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டு இரண்டாண்டுக்கும் மேல் அங்கிருந்தவர், தம்மைக் காயப்படுத்திக்கொண்டவர். இதை அவர் பொதுவெளியில் சொன்னது 2011இல்தான், அதே மருத்துவமனையில் நின்று. இச்செய்தி எங்கள் மகளுக்குத் தந்த நம்பிக்கையை எந்த அறிவுரையும் தந்ததில்லை.

டயலெக்டிக் என்பதை நாம் இயங்கியல் என்கிறோம். இலக்கிய வாசகருக்கு உடனே ஹெகலும் மார்க்ஸும் நினைவுக்கு வருவார்கள். இங்கே முரண்படும் இரண்டும் மிக எளியவை: ஏற்பும் மாற்றமும். 'நீ மாற வேண்டும்' என்று மட்டும் சொன்னால், துன்புறுபவர் தாம் பழிக்கப்படுவதாக உணர்கிறார். 'உன் நிலை புரிகிறது' என்று மட்டும் சொன்னால், தம் துன்பத்துக்கு வழியே இல்லையோ என்று சோர்கிறார். ஆகவே, நடத்தைச் சிகிச்சையின் மாற்ற முறைகளோடு ஜென் பயிற்சியிலிருந்து பெற்ற ஏற்பையும் லினஹான் இணைத்தார். 'உன்னால் இயன்றதை நீ செய்துகொண்டிருக்கிறாய். இன்னும் முயலவும் வேண்டும்.' இவ்விரண்டுக்கும் நடுவே 'ஆனால்' வருவதில்லை. தமிழ் இலக்கணத்தின் எண்ணும்மையைப் போல இரண்டும் சமமாக நிற்கின்றன.

இனி நடைமுறை. முழுமையான டி.பி.டி.க்கு நான்கு உறுப்புகள்: வாரம் ஒருமுறை தனி அமர்வு, வாரம் ஒருமுறை குழுவாகத் திறன் பயிற்சி, நெருக்கடி நேரத்தில் சிகிச்சையாளரிடம் தொலைபேசியில் பெறும் சுருக்கமான வழிகாட்டல், சிகிச்சையாளர்கள் தங்களுக்குள் நடத்தும் கலந்தாய்வு. திறன் பாடத்திட்டம் சுமார் 24 வாரங்கள். பலருக்கும் அதையே மறுமுறையும் நடத்தி ஓராண்டாக்குகிறார்கள். தொடக்கத்திலேயே உடன்பாடு கேட்பார்கள். உயிருக்கு ஆபத்தானவை முதலில், சிகிச்சைக்குத் தடையானவை அடுத்து, வாழ்க்கைத்தரம் பிறகு என்று வரிசை வகுப்பார்கள். தொலைபேசி அழைப்பின் நோக்கமும் இதனோடு இணைந்ததே: காயம் நேர்ந்த பின்னர் அல்ல, நேர்வதற்கு முன்னரே உதவி கேட்கப் பழக்குவது.

நாள்தோறும் ஓர் அட்டையை நிரப்ப வேண்டும். உந்துதல் எவ்வளவு, எந்தத் திறனைப் பயன்படுத்தினாய் என்று எண்களில் குறிக்க வேண்டும். தவறிப்போன நாளைப் பற்றிக் கடிந்துகொள்வதில்லை. சங்கிலியின் கண்ணிகளைப் போல, முந்திய நிகழ்ச்சி எது, எழுந்த எண்ணம் எது, உடல் எப்படி இருந்தது, எந்தக் கண்ணியில் வேறு வழி இருந்தது என்று பின்னோக்கித் தேடுகிறார்கள். முதல் மாதங்களில் இது சலிப்பூட்டும். எங்கள் மகள் அட்டையைச் சுருட்டி எறிந்த இரவுகளும் உண்டு.

கற்பிக்கப்படும் திறன்கள் நான்கு வகை: முழுக்கவனம், துயரைத் தாங்குதல், உணர்ச்சியை நெறிப்படுத்துதல், உறவுகளில் தன் தேவையைத் தெளிவாகச் சொல்லுதல். சில வியப்பூட்டும் அளவுக்கு உடல் சார்ந்தவை. கொந்தளிப்பின் உச்சத்தில், மூச்சை அடக்கிக் குளிர்ந்த நீரில் முகத்தைச் சிறிது நேரம் அமிழ்த்தினால் இதயத் துடிப்பு தணிகிறது. (இதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே இதைச் செய்ய வேண்டும்.) உணர்ச்சியை நெறிப்படுத்தும் பாடம், அதற்குப் பெயரிடுவதிலிருந்தும் அது எதனால் எழுந்தது என்று அறிவதிலிருந்தும் தொடங்குகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் பாடம் சொல்பவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. எட்டு மெய்ப்பாடுகளுக்கும் தனித்தனியே நான்கு நிலைக்களன்களை வகுத்தவர் தொல்காப்பியர். இகழ்ச்சியால் வந்த அழுகை வேறு, இழப்பால் வந்த அழுகை வேறு என்று பிரித்தறிந்த மரபு நம்முடையது. அந்த இயலை மகளோடு சேர்ந்து படித்த மாலைப்பொழுதுகள் எங்களுக்குக் கிடைத்த எதிர்பாராத கொடை.

பெற்றோருக்கும் பாடம் உண்டு. அதன் மையம், ஏற்றுரைத்தல். பிள்ளையின் செயலுக்கு உடன்படுவதன்று அது. அவள் உணர்ச்சிக்குக் காரணம் உண்டு என்று ஒப்புக்கொள்வது. ஒருநாள் மகளே சொன்னாள்: "அம்மா, அப்பா, இப்ப தீர்வு எதுவும் சொல்லாதீங்க. பக்கத்துல உட்காருங்க, போதும்." உட்கார்ந்தோம். அந்த ஒரு மணி நேரம் எங்களுக்கு மிகக் கடினமாயிருந்தது, அவளுக்கு எளிதாயிற்று.

எதிர்பார்க்கக் கூடாதவையும் உண்டு. துயரே இல்லாத வாழ்வை இச்சிகிச்சை வாக்களிப்பதில்லை. மருத்துவர் பரிந்துரைத்த மருந்தை இதற்காக நிறுத்தலாகாது. நான்கு உறுப்புகளும் ஒருசேரக் கிடைக்கும் இடங்கள் நம் நாட்டில் குறைவு. ஆதலால் எவை கிடைக்கும், பயிற்சி பெற்றவர் யார் என்று முதலிலேயே கேட்டறிவது நலம். ஆயினும் இதன் பயனுக்குச் சான்று உண்டு. 2006இல் வெளியான ஆய்வொன்றில், 101 பெண்களுள் டி.பி.டி. பெற்றவர்களிடம் தற்கொலை முயற்சி, பிற வல்லுநர்களிடம் சிகிச்சை பெற்றவர்களிடம் காணப்பட்டதில் ஏறக்குறையப் பாதியாக இருந்தது. அந்தப் பாதியின் பொருள், ஒரு பிள்ளையை இழந்துவிடுவோமோ என்று விழித்திருந்தவர்களுக்குத் தெரியும்.

காத்திருக்க இயலாத இரவில், 14416 என்ற அரசின் டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மகள் இப்போது கல்லூரித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அட்டையை இன்றும் நிரப்புகிறாள். சில நாள்களில் எண்கள் உயர்ந்தே இருக்கின்றன. உயர்ந்த எண்ணைக் குறித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்புக்கும் போகிறாள்.