புள்ளிக் கணக்கு

ஒரே இணையத்தளத்தில் உள்ள ஒரே படத்தை இருவர் பார்க்கின்றனர். ஒருவருக்கு அது தெளிவாக இருக்கிறது. மற்றவருக்கோ மார்கழிப் பனிக்குள் நின்று எடுத்த படம்போல மங்கித் தெரிகிறது. உடனே கண்ணில் கோளாறு என்கிறோம். இல்லாவிட்டால் கணினி பழையது என்கிறோம். பெரும்பாலான வேளைகளில் குற்றம் இரண்டிலும் இல்லை. படத்தில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன, அதைக் காட்டும் திரை எத்தனை புள்ளிகளைக் கேட்கிறது என்ற கணக்கில்தான் காரணம் இருக்கிறது.

பத்திரிகைக்காரனுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. பழைய நாளிதழ் ஒன்றில் அச்சான புகைப்படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். படம் மறைந்து, சிறிதும் பெரிதுமான கரும்புள்ளிகள் மட்டும் வரிசை வரிசையாக நிற்கும். சொரசொரப்பான பத்திரிகைத் தாளில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 85 வரிசைகளும், வழுவழுப்பான சஞ்சிகைத் தாளில் 150 வரிசைகளும் வைப்பது வழக்கம். நான் பத்திரிகையில் சேர்ந்த காலத்தில் அச்சகத்தின் மூத்த தொழிலாளர்கள் தாளைத் தடவிப் பார்த்தே எத்தனை வரிசை தாங்கும் என்று சொல்லிவிடுவார்கள். பட்டம் பெற்றுவிட்டு வந்த எங்களுக்கு அந்த வித்தையைக் கற்றுத்தர எந்தப் பல்கலைக்கழகமும் இருக்கவில்லை.

அச்சுக்கும் இணையத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அச்சில் தாளின் அளவு நமது கையில். இணையத்தில் திரையின் அளவு வாசகரின் கையில். 2000ஆம் ஆண்டளவில் பலரிடம் இருந்தது 800க்கு 600 பிக்சல் திரை. பின்னர் 1024க்கு 768 வந்தது. அன்று 400 பிக்சல் அகலமான படம் திரையில் பாதியை அடைத்துக்கொண்டு கம்பீரமாக நிற்கும். அதே படம் 1920 பிக்சல் அகலமுள்ள திரையில் ஐந்திலொரு பங்கு இடத்தில் ஒடுங்கிவிடும். சரி, பெரிதாக்கிப் பார்ப்போம் என்றால் மங்கிவிடும். இல்லாத புள்ளியைத் திரை எங்கிருந்து கொண்டுவரும்? பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கலந்து பூசி இடைவெளியை நிரப்புகிறது. அந்தப் பூச்சைத்தான் நாம் மங்கல் என்கிறோம்.

கைத்தொலைபேசிகள் இந்தச் சிக்கலை இன்னும் கூட்டின. 2007இல் வந்த முதலாவது ஐபோனின் திரை 320க்கு 480 பிக்சல். 2010இல் வந்த ஐபோன் 4 அதே அளவுத் திரைக்குள் 640க்கு 960 பிக்சல்களை அடக்கியது. ஆயினும் இணையத்தளங்கள் குலைந்துவிடக் கூடாது என்பதற்காக, பக்கத்தின் அகலத்தை அது 320 என்றே கணக்கிட்டது. அதனால் படத்தின் ஒரு புள்ளி திரையில் நான்கு புள்ளிகளுக்குப் படிக்கட்ட வேண்டியதாயிற்று. எழுத்துகள் கூர்மையாகத் தெரிய, அவற்றுக்கு நடுவில் படங்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்ததற்கு இதுவே காரணம். நல்ல திரை வாங்கியவருக்குப் பழைய படங்கள் மோசமாகத் தெரிந்தன!

இவ்விடத்தில் ஒரு மூடநம்பிக்கையையும் சொல்லவேண்டும். “இணையத்துக்கு 72 போதும்” என்று அலுவலகங்களில் மந்திரம்போல ஓதுவார்கள். அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று படக்கோப்புக்குள் எழுதியிருக்கும் அந்த எண்ணை உலாவிகள் பார்ப்பதே இல்லை. படத்தின் அகலம் எத்தனை பிக்சல், உயரம் எத்தனை பிக்சல் என்பதே பொருட்டு. 72 என்று எழுதிய 2000 பிக்சல் படமும் 300 என்று எழுதிய 2000 பிக்சல் படமும் திரையில் ஒன்றே.

எங்கள் நாட்டில் இந்தக் கணக்குப் பிசகுவதை அதிகம் காண்பது மரண அறிவித்தல்களில்தான். அவற்றை எழுத்தாக அல்லாமல் படமாகவே இணையத்தில் இடும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஏ4 தாளில் உள்ள அறிவித்தலை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஸ்கான் செய்தால் 2480 பிக்சல் அகலம் வரும். 8 பொயின்ற் எழுத்துக்கு 33 பிக்சல் உயரம் கிடைக்கும். அதை 600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் எழுத்தின் உயரம் 8 பிக்சல். மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளிக்கு ஒரு பிக்சல்கூட மிஞ்சாது. எங்கள் முன்னோர் ஏட்டுச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியிடாமலே எழுதினார்கள். படித்தவர்கள் சந்தர்ப்பம் பார்த்து ஊகித்துக்கொண்டார்கள். தமிழை அப்படி ஊகிக்கலாம். இலக்கத்தை ஊகிக்க முடியுமா? 3 மணிக்குக் கிரியையா, 8 மணிக்கா? தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கம் 6ஆ, 0ஆ? ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள் அந்த எண்ணைத்தான் தேடுகின்றனர்.

2014இல் வன்னியிலிருந்து ஒரு பெண்மணி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். 2003இல் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த பாடசாலை உதைபந்தாட்ட அணியின் படம் அவருக்கு வேண்டும். அணியில் நின்றவர்களுள் ஒருவர் அவருடைய தம்பி. 2009இன் பின்னர் அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. இடப்பெயர்வுகளில் வீட்டிலிருந்த அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. உறவினர் ஒருவர் எங்கள் இணையத்தளத்தில் அந்தப் படத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். கைத்தொலைபேசியில் அதை விரித்து விரித்துப் பார்த்தும் முகம் தெரியவில்லை என்றார்.

தெரியாதுதான். அந்தப் படம் 200 பிக்சல் அகலம். தொலைபேசி இணைப்பில் 30 கிலோபைட் படம் ஒன்று இறங்கவே ஐந்து வினாடியாவது ஆன காலத்தில் ஏற்றப்பட்டது. படங்களைச் சுருக்கி ஏற்றிவிட்டு, இடநெருக்கடிக்காக மூலத்தை அழித்துவிடுவது அன்றைய தொழில்நுட்பப் பிரிவின் நடைமுறை. மூலம் எங்கும் இல்லை.

பழைய இதழ்க் கட்டை எடுத்துப் பிரித்தோம். தாள் பழுப்பேறியிருந்தது. படம் ஏழு அங்குல அகலத்தில் அச்சாகியிருந்தது. ஒரு முகம் ஏறக்குறைய அரை அங்குலம். கணக்கைப் பாருங்கள். இணையத்தில் அந்த முகத்தின் அகலம் 14 பிக்சல். தாளிலோ 85 வரிசைக் கணக்கில் 42 புள்ளிகள். மலிவான பத்திரிகைத் தாள், இணையத்தளத்தைப் போல மூன்று மடங்கு விபரத்தைப் பதினொரு ஆண்டுகளாக வைத்துக் காத்திருக்கிறது.

அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கான் செய்தபோது 4200 பிக்சல் அகலமான கோப்புக் கிடைத்தது. அதை அப்படியே அனுப்பியபோது வேறொரு தொல்லை வந்தது. அச்சின் புள்ளி வரிசையும் திரையின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று பொருந்தாமல், கொசுவலை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று பிடித்தாற்போல, முகங்களின் மேல் அலையலையாகக் கோடுகள் தோன்றின. அலுவலகத் திரையில் ஒருவிதமான அலை, அவருடைய தொலைபேசியில் இன்னொரு விதம். கோப்பு ஒன்றுதான், திரை மாறும்போது சுருக்கும் அளவு மாறுகிறது, அலையும் மாறுகிறது. பக்க வடிவமைப்பாளரான இளைஞர் முதலில் அச்சுப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலக்கும் அளவுக்குப் படத்தை மெல்ல மங்கலாக்கினார். அதன் பின்னரே சுருக்கினார். தெளிவு வேண்டுமென்றால் முதலில் மங்கலாக்க வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரியவந்தது. தொலைபேசிக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று, பிரேம் போட்டு மாட்ட ஒன்று என்று மூன்று பிரதிகள் செய்தார்.

அந்தப் பெண்மணி தொலைபேசியை முகத்தருகே பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “தம்பியின்ர மூக்குத் தெரியுது ஐயா” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

அந்த இளைஞர் கையால் செய்ததை இன்று உலாவிகளே தேர்ந்துகொள்ளும். ஒரே படத்தை 400, 800, 1600 பிக்சல் என்று பல அளவுகளில் வைத்து, அவற்றின் பட்டியலைப் பக்கத்தின் நிரலில் எழுதிவிட்டால், திரைக்கு ஏற்றதை உலாவி எடுத்துக்கொள்ளும். எழுத்துள்ள படங்களை ஜேபெக்காக அல்லாமல் பிஎன்ஜியாக வைத்தால் எழுத்தோரங்களில் அழுக்குப் படியாது. மரண அறிவித்தலின் நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் படத்தின் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்துவிடலாம். இரண்டு நிமிட வேலை. பார்ப்பவர் மங்கலான படத்தைக் கண்டால் அதன்மேல் அழுத்திப் பார்க்கவேண்டும். பெரிய பிரதி பின்னால் இருக்கக்கூடும். கணினியில் உலாவியின் உருப்பெருக்கம் 100 வீதத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

ஆனால் இவையெல்லாம் மூலம் இருக்கும்வரையில்தான். அந்தப் பழைய இணையப் படங்களுள் எவற்றுக்குத் தாளில் பிரதி இருக்கிறது என்று ஆண்டு வாரியாகப் பார்த்துவருகிறேன். இப்போது 2004இன் கட்டுகளில் நிற்கிறேன். சில இதழ்களில் கறையான் எனக்கு முன்னரே வந்துவிட்டது.