முளை விடும் வரை காவல்

டெக்சாஸின் நடுப்பகுதியில் மார்ச் மாதம் மக்காச்சோளம் ஊன்றும் காலம். விதைப்பு இயந்திரம் சாலுக்குச் சால் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் விதையைப் போட்டுக்கொண்டே போகும். அன்றிரவே காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால் அதே சாலைப் பிடித்து, விதை விதையாகக் கிளறித் தின்றுகொண்டு வயலின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். காலையில் வரும் விவசாயிக்கு, முந்தைய நாள் இயந்திரம் போன வழியெல்லாம் மூக்கால் உழுத பள்ளம் நூல் பிடித்தாற்போல் தெரியும்.

மைலம் கவுண்டியில், கேமரன் என்ற சிற்றூருக்கு வெளியே, லிட்டில் ரிவர் ஆற்றை ஒட்டிய புஞ்சை ஒன்றில் அந்தப் பள்ளத்தைப் பார்த்தபடி நடந்தேன். காலில் அப்பிய மண் எனக்குத் தெரிந்த மண்தான். கரிசல். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கோடையில் வாய் பிளந்து கிடக்குமே, அதே இனம். மண்ணியலாளர்கள் இரண்டையும் வெர்ட்டிசால் என்ற ஒரே வகையில் சேர்க்கிறார்கள். ‘ஹூஸ்டன் பிளாக்’ என்று பெயரிட்ட இந்தக் கருமண்தான் டெக்சாஸின் மாநில மண். அங்கேயும் இதில் பருத்தியும் சோளமும் விளைகின்றன.

ஏக்கருக்கு இருபதாயிரம் விதைக்கு மேல் போகிறது என்றார் விவசாயி. விதை மூட்டை கிலோக் கணக்கில் வருவதில்லை. மூட்டைக்கு எண்பதாயிரம் விதை என்று எண்ணிக்கையில்தான் விலை. பன்றி தின்ற இடத்தில் மறுபடி ஊன்றலாம். ஆனால் பிந்தி ஊன்றிய பயிர் பூக்கும் நேரத்தில் ஜூன் வெயில் வந்து மகரந்தத்தைக் கருக்கிவிடும். எனவே அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: விதை முளைத்து, விதையிலிருக்கும் மாவு கரைந்து, பன்றிக்கு அதில் ருசி போகும்வரை வயல் தப்பவேண்டும். பத்துப் பதினைந்து நாள். அந்த நாட்களுக்காகத்தான், இருட்டில் உடல் சூட்டை வைத்தே பன்றியைக் கண்டு சுடும் தெர்மல் கருவிக்காரர்களைக் கூப்பிட்டிருந்தார்.

வந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் ஐம்பதைத் தாண்டியவர், பகலில் வேலி போடுவதும் வெல்டிங் செய்வதும் தொழில். கூட அவருடைய மருமகன். மூன்றாவது ஆள், பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு பெண்; மூவரில் குறி தவறாதவர் அவர்தான் என்று மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

இவர்களுடைய இரவு வேலை பகலிலேயே தொடங்கிவிடுகிறது. விவசாயியோடு வயலின் நான்கு எல்லையையும் நடந்து பார்த்தார்கள். பக்கத்து வீடு எந்தத் திசையில், மாடுகள் எந்த வேலிக்குள், கேஸ் டாங்க் எங்கே, யாருடைய நாய் இரவில் அவிழ்த்துவிடப்படும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மூத்தவர் கைபேசி வரைபடத்தில் சிவப்புக் கோடுகள் போட்டுக்கொண்டார். அந்தக் கோட்டின் பக்கம் பன்றி நின்றாலும் சுடக்கூடாது. பிறகு வனவிலங்குச் சட்டத்தைக் கவனிக்கும் கேம் வார்டனுக்கும் ஷெரிஃப் அலுவலகத்துக்கும் போன் போட்டு, இன்ன இடத்தில் இரவு வெடிச்சத்தம் கேட்கும் என்று சொல்லிவைத்தார். “சட்டப்படி சொல்லணும்னு இல்லை. சொல்லிட்டா நிம்மதியா வேலை பார்க்கலாம்” என்றார்.

இருட்டியதும் பிக்கப் வண்டியில் வயலோரம் மெல்ல ஊர்ந்தோம். விளக்கு இல்லை. குளிர் முகத்தில் அடித்தது, ஆனாலும் ஜன்னலை ஏற்ற விடவில்லை. காரணம் கருவியிலேயே இருக்கிறது. வெப்பமுள்ள எல்லாப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. தெர்மல் கருவி பிடிப்பது அதில் 8 முதல் 14 மைக்ரான் வரையான அலைநீளத்தை. சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை விடாது. ஜன்னல் மூடியிருந்தால் கருவிக்கு ஜன்னல் மட்டும்தான் தெரியும். அதனால்தான் அதன் லென்ஸையும் கண்ணாடியில் செய்யாமல் ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். விலை சில ஆயிரம் டாலரைத் தொடுவதற்கு அதுவும் ஒரு காரணம். லென்ஸுக்குப் பின்னால் மைக்ரோபோலோமீட்டர் என்ற சில்லு. அதில் கிடையாக 640, செங்குத்தாக 512 என்று நுண்புள்ளிகள். விழும் வெப்பத்துக்கு ஏற்ப ஒவ்வொரு புள்ளியின் மின்தடையும் மாறும். அந்த மாற்றங்கள்தான் படம். 1980களில் அமெரிக்க ராணுவத்துக்காக ஹனிவெல் நிறுவனம் உருவாக்கிய நுட்பம் இது. 1990களில் ரகசியக் கட்டு தளர்ந்ததும் தீயணைப்பு வீரர்களுக்கும் கட்டட ஆய்வாளர்களுக்கும் போய், கடைசியில் வேட்டைத் துப்பாக்கியின் மேல் வந்து உட்கார்ந்தது.

முதலில் என் கையில் கொடுத்த கருவி வழியே பார்த்தபோது எல்லாமே பன்றியாகத் தெரிந்தன. வெயிலை வாங்கி வைத்திருந்த பாறை, தண்ணீர்த் தொட்டி, மின்கம்பத்தின் அடி எல்லாம் வெள்ளைத் திட்டுகள். இந்தப் படத்தில் நிறம் இல்லை, நிழல் இல்லை, தூரமும் இல்லை. பக்கத்தில் இருக்கும் முயலும் தொலைவில் இருக்கும் பன்றியும் ஒரே அளவு. லேசர் தூரமானியை அழுத்திப் பார்த்த பிறகுதான் ஒன்று அறுபது கஜம், மற்றது முந்நூறு கஜம் என்று விளங்கும்.

பேருந்து ஓட்டும் அம்மா எனக்குப் பாடம் எடுத்தார். மானுக்குக் கழுத்து தெரியும். ரெண்டு வாய் மேய்ந்தால் ஒரு தரம் தலையைத் தூக்கிப் பார்க்கும். பன்றிக்குக் கழுத்தே கிடையாது. முன்பக்கம் கனத்து, பின்பக்கம் சரிந்து, தலை மண்ணைவிட்டு எழாது. நரியைப் போன்ற கயோட்டி நேர்கோட்டில் ஓடும். ஆர்மடில்லோவின் ஓடு உடம்பைவிடக் குளிர்ந்து மங்கலாக இருக்கும். கன்றுக்குட்டி படுத்திருந்தால்தான் ஆபத்து: மடங்கிய கால் தெரியாது, உடல் உருண்டை. “எழுந்து நிற்கிற வரைக்கும் காத்திருப்பேன். அது எழவே இல்லையா, அன்னைக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை” என்றார். இரவில் மானைச் சுடுவது டெக்சாஸில் குற்றம். அடுத்தவன் கன்றைச் சுடுவது ஊரில் முகம் காட்ட முடியாத காரியம். சேற்றில் புரண்டு வந்த பன்றியை அடையாளம் காண்பது இன்னும் சிரமம். ஈரச் சேறு அப்பிய இடமெல்லாம் கருத்து, உருவம் துண்டுதுண்டாகத் தெரியும். பனிமூட்டமோ தூறலோ இருந்தால் படமே வெளிறிப்போகும்.

நள்ளிரவுக்குப் பிறகு ஆற்றோர மரங்களிலிருந்து கூட்டம் இறங்கியது. பதினெட்டு உருவங்கள். தாய்ப்பன்றிகளும் அவற்றின் குட்டிகளும். வளர்ந்த ஆண் பன்றிகள் பெரும்பாலும் தனியே திரியும். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு மகா கூர்மை. மூத்தவர் சின்ன பாட்டிலை அமுக்கிப் பொடி தூவி, காற்று எங்கள் முகத்தில் அடிக்கிறதா என்று பார்த்தார். அதற்காகவே வயலைச் சுற்றிக்கொண்டு கால் மணி நேரம் நடந்தோம். சால் மேல் மிதித்துவிடாமல் நடந்தது, மற்றவர் வயல் என்ற கவனத்தால்.

நூறு கஜத்தில் மூவரும் ஒரே வரிசையில் ட்ரைபாடை ஊன்றினார்கள். இடது ஆள் இடக்கோடி, வலது ஆள் வலக்கோடி, நடுவில் நிற்பவருக்குத் தலைமைத் தாய். சுடத் தொடங்கிய பிறகு யாரும் ஓரடி முன்னே வைக்கக்கூடாது. என்னை வரிசைக்குப் பின்னால் நிறுத்தி, தோளில் கை வைத்து அழுத்திவிட்டுப் போனார் மருமகன். மூன்று, இரண்டு, ஒன்று என்று மூத்தவர் முணுமுணுத்தார். சைலன்சர் மாட்டியும் சத்தம் காதை அறைந்தது. பத்து நொடி இருக்கும். கூட்டம் சிதறி ஆற்றுப்பக்கம் ஓடியது. ஏழு விழுந்திருந்தன.

செத்த பன்றியும் திரையில் உயிருள்ளது போலவே வெள்ளையாகக் கிடக்கும். உடல் ஆற மணிக்கணக்காகும். அதனால் அருகே போகுமுன் ஒவ்வொன்றையும் நெடுநேரம் பார்த்து, அசைவில்லை என்று உறுதி செய்தார்கள். ஒன்று அசைந்தது. அந்த அம்மா இன்னொரு தோட்டா செலவழித்தார். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ரப்பர் கையுறை இல்லாமல் எதையும் தொடவிடவில்லை: பன்றி ரத்தத்தில் புருசெல்லா கிருமி இருக்கலாம், மனிதரைத் தொற்றினால் மாதக்கணக்கில் காய்ச்சல். இளம் பன்றிகள் இரண்டை வீட்டு இறைச்சிக்காக எடுத்துக்கொண்டார்கள். விற்க முடியாது, கொல்லுமுன் உயிரோடு பரிசோதிக்கப்படாத இறைச்சியை அமெரிக்கச் சட்டம் சந்தைக்கு விடாது. மற்றவை விவசாயி தோண்டிய குழிக்குப் போயின.

பன்றி இந்தக் கண்டத்துக்குச் சொந்தமான விலங்கல்ல. 1539இல் எர்னாண்டோ டி சோட்டோ ஃபுளோரிடாவில் இறங்கியபோது படைக்கு உணவாகப் பன்றிகளையும் கொண்டுவந்தார். பிறகு குடியேறியவர்கள் அவிழ்த்து மேயவிட்டவை காடேறின. 1930களில் டெக்சாஸ் பண்ணை முதலாளிகள் சிலர், வேட்டை சுவைக்கவேண்டும் என்று ஐரோப்பியக் காட்டுப்பன்றியையும் இறக்கிவிட, இரண்டும் கலந்தன. இன்று டெக்சாஸில் மட்டும் 26 லட்சம் இருக்கலாம் என்பது டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் வேளாண் பிரிவு வெளியிட்ட மதிப்பீடு. எட்டு மாதத்தில் சினைக்கு வந்து, நான்கு மாதத்துக்குள் ஈன்றுவிடும் இனம். ஆண்டுதோறும் மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்தால்தான் தொகை கூடாமல் நிற்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

துப்பாக்கியால் அது ஆகாது. மாநிலம் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டே வந்திருக்கிறது: 2011இல் ஹெலிகாப்டரிலிருந்து சுட அனுமதி, 2017இல் வெப்பக்காற்று பலூனிலிருந்தும், 2019இல் நில உடைமையாளர் சம்மதித்தால் வேட்டை உரிமமே வேண்டாம் என்றாகிவிட்டது. பன்றியோ குறையவில்லை. சுட்டால் ஏழு விழும், பதினொன்று படித்துக்கொண்டு ஓடும். வேலை தெரிந்தவர்கள் நம்புவது பெரிய வட்டக் கூண்டை. பல இரவு தீனி வைத்துப் பழக்கி, கூட்டம் முழுதும் உள்ளே வந்துவிட்டதைக் கேமராவில் பார்த்து, வீட்டிலிருந்தபடி கைபேசியில் கதவை விழவைக்கிறார்கள். உயிரோடு பிடித்த பன்றியைப் பதிவு பெற்ற கொள்முதல் நிலையத்தில் விற்கவும் முடியும்.

ஆனால் கூண்டைப் பார்க்க யாரும் காசு கொடுத்து வரமாட்டார்கள். டாலஸிலிருந்தும் ஹூஸ்டனிலிருந்தும் வார இறுதியில் வருகிறவர்கள் ஓர் இரவுக்கு நூற்றுக்கணக்கான டாலர் தருவது தெர்மல் துப்பாக்கிக்குத்தான். மூத்தவர் விவசாயியிடம் கூலி வாங்குவதில்லை. அவருடைய கருவிக்கடன் அடைவது அந்த விருந்தாளிகளின் பணத்தில். பன்றி குறைந்தால் வருமானம் குறையும் என்பதை அவர் மறைக்கவில்லை. இந்த முடிச்சைப் பார்த்துத்தான் கன்சாஸ் மாநிலம் 2006லேயே பன்றியைப் பொழுதுபோக்காக வேட்டையாடுவதைத் தடை செய்தது; மிசூரியும் 2016இல் தன் பாதுகாப்பு நிலங்களில் அதை நிறுத்தியது. வேட்டைக்கு மதிப்பு வந்தால், பன்றி இல்லாத ஊருக்கும் யாரோ ஒருவர் அதை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் விடுவார் என்பது அவர்கள் கண்ட அனுபவம். 2017இல் டெக்சாஸ் விஷத்தீனியை அனுமதிக்க முனைந்தபோது எதிர்த்து நின்றவர்களில் வேட்டைக்காரர்களும் இறைச்சி வணிகர்களும் இருந்தார்கள். தயாரிப்பாளர் அப்போதைக்குப் பின்வாங்கிவிட்டார்.

நம் ஊர் நிலைமையை இதோடு அப்படியே பொருத்த முடியாது. இங்கே காட்டுப்பன்றி மண்ணின் விலங்கு. புலிக்கும் சிறுத்தைக்கும் இரை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் காப்பில் உள்ளது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் இழந்தவர்களின் கோபத்துக்கு அது ஒரு பதில். டெக்சாஸ் வயலில் நின்றபோது நான் கவனித்தது, சுடுவதை யார் செய்கிறார், அவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதே. பயிரைக் காப்பவருக்குக் கூலி கிடைத்தால் அது காவல். பன்றி இருப்பதால் கூலி கிடைத்தால் பன்றி இருந்துகொண்டேதான் இருக்கும்.

விடியும் முன் விவசாயி டார்ச்சோடு வந்தார். எத்தனை விழுந்தது என்று அவர் கேட்கவில்லை. மிச்சம் எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்டார். ஆற்று வளைவுக்கு மேலே, பெக்கான் மரங்களுக்குள் என்று மருமகன் காட்டினார். கூண்டை அங்கேதான் நிறுத்தவேண்டும் என்று இருவரும் பேசி முடித்தார்கள். கம்பி வலையை வெல்டிங் செய்துதரும் வேலையும் மூத்தவருக்கே. அவர் வண்டியில் ஏறுமுன் கைபேசி நாட்காட்டியைத் திறந்தார். ஜூன் மாதம் கதிர் பால் பிடிக்கும்போது பன்றி மறுபடி வரும். அந்த வாரத்துக்கு வெளியூர் விருந்தாளி யாரையும் ஒப்புக்கொள்ளாமல், இந்த வயலின் பெயரைக் குறித்துக்கொண்டார்.