பூனைக்கும் ஒரு பங்கு

ஆடும் கோழியும் வளர்த்த குடும்பம் எங்களுடையது. அதிராம்பட்டினத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அவை பிறந்தன, வளர்ந்தன, விற்கப்பட்டன, அறுக்கப்பட்டன. ஆடு நோயுற்றால் அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்வோம். மருத்துவச் செலவு ஆட்டின் விலையை நெருங்குமாயின் அதற்குமேல் செலவழிக்க மாட்டோம். இக்கணக்கில் பிழையேதும் இருப்பதாக எங்களில் எவரும் எண்ணியதில்லை; இன்றும் நான் எண்ணவில்லை. ஆனால் இக்கணக்கு பூனைக்குப் பொருந்தாது என்பதை நான் கற்றுக்கொள்வதற்கு ஓர் உயிர் விலையாயிற்று.

2014-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் நனைந்து எங்கள் திண்ணையில் வந்து ஒண்டிய சாம்பல் நிறக் குட்டி அது. "பாவம், மிஸ்கீன்!" என்று உம்மா இரங்கிச் சொன்ன சொல்லே அதன் பெயராக நிலைத்துவிட்டது. சூடை மீன் தலைகளைத் தின்று வளர்ந்தது. தெருப்பூனைகளோடு சண்டையிட்டுக் காயத்தோடு திரும்புவதைப் பொறாமல், பின்னாளில் அதனை வீட்டுக்குள்ளேயே அடைத்து வளர்த்தோம். அன்பினால்தான் அடைத்தோம் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன். பின்னர் அது தேவைப்படும்.

2017-ஆம் ஆண்டு ஒரு நாள் மிஸ்கீன் மணல் தொட்டியில் நெடுநேரம் குந்தியிருந்து முக்கியது. மலச்சிக்கல் என்று நினைத்தோம். காய்ச்சல் மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்துக் கொடுக்குமாறு அண்டை வீட்டார் சொன்னார்கள். நல்லவேளை, அதனைக் கொடுக்கவில்லை. மனிதர்க்கு மருந்தாகும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதனைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது. செலவைக் குறைப்பதாக எண்ணி நாம் செய்யும் கைவைத்தியம் உயிரையே வாங்கிவிடுவதும் உண்டு.

மறுநாள் மாலை பக்கத்து நகரிலிருந்த ஒரு தனியார் மருத்துவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் வயிற்றைத் தொட்டதுமே கண்டுகொண்டார். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. நுண்ணிய படிகங்கள் சேர்ந்து அது அடைபட்டுவிடும். அவ்வாறு அடைபட்டால் கழிவு இரத்தத்தில் தேங்கும். பொட்டாசியம் மிகுந்து இதயம் நின்றுவிடும். இரண்டு மூன்று நாட்கள்கூடத் தாங்குவது அரிது. மயக்க மருந்து, குழாய் செருகுதல், இரத்தப் பரிசோதனை, மூன்று நாள் தங்கல் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஆறாயிரம் ரூபாய் ஆகும் என்றார். அது மாதக் கடைசி. "நாளை வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வீட்டில் காக்கா கேட்டார்: "ஆறாயிரமா? அதுக்கு ஒரு கிடாயே வாங்கிடலாமே!" அவர் கல்நெஞ்சர் அல்லர். எங்கள் கொல்லைக் கணக்கைத்தான் அவர் சொன்னார். பாரி முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியை ஆண்டுதோறும் வகுப்பில் விதந்து பேசும் நானும் அன்றிரவு அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஃபஜ்ருத் தொழுகைக்கு எழுந்தபோது மிஸ்கீன் அடுப்படியில் விறைத்துக் கிடந்தது. கடன் கேட்டால் கொடுக்கக் கூடிய நண்பர்கள் நால்வராவது எனக்கு இருந்தார்கள். பூனைக்காகக் கடன் கேட்க நாணினேன் என்பதே உண்மை.

பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது இரை தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தியைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். அவள் கொடியவள் என்று எண்ணிக் கடந்து சென்றிருக்கிறேன். அன்று வேறொன்று புலப்பட்டது. அவள் பூனையை அடித்ததாக அச்செய்தியில் இல்லை. அடைத்துவைத்தாள், அடைத்ததனால் ஏற்பட்ட பொறுப்பை நிறைவேற்றவில்லை. அவ்வளவே.

ஹிஜ்ரி 660-இல் (கி.பி. 1262) மறைந்த ஷாபிஈ மத்ஹபு அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் பிராணிகளுக்கு மனிதர் மீதுள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியுள்ளார்கள். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போன நிலையிலும் அதற்காகச் செலவிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இங்கே பிராணியின் விலை கணக்கில் வரவேயில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

"மனிதன் பசித்திருக்கப் பூனைக்கு ஆயிரக்கணக்கில் செலவா?" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் வினவினார். நியாயமான வினாதான். ஜகாத்துக்குரிய எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் வரையறுத்துள்ளது; அதில் பூனை இல்லை. ஆகவே ஏழையின் பங்கிலிருந்து அன்று, என் பங்கிலிருந்தே அதற்குக் கொடுக்க வேண்டும். ஒரு திருமண விருந்தில் வீணாகும் பிரியாணியின் விலையை எவரும் இவ்வாறு கணக்கிட்டுக் கேட்பதில்லை என்பதும் என் மனத்தில் எழுந்தது. வயதில் மூத்தவராதலின் சொல்லவில்லை.

பொதுப்பணத்துக்கும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ் (மறைவு 1277) கெய்ரோவில் ஒரு தோட்டத்தைப் பூனைகளுக்கென வக்பு செய்திருந்தார் என்று, 1836-இல் வெளிவந்த தம் நூலில் எட்வர்ட் லேன் எழுதியுள்ளார். தோட்டம் கைமாறிச் சிதைந்த பிறகும் காழியின் நீதிமன்ற முற்றத்தில் மாலைதோறும் பூனைகளுக்கு உணவிடும் வழக்கம் தொடர்ந்ததாம். நம்மூர் ஜமாஅத்தில் இதனை எடுத்துரைக்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

ஓராண்டு கழித்து மற்றொரு குட்டி வந்தபோது, அது வந்த நாளிலேயே உம்மா ஒரு காலிப் பால்மாவு டின்னில் துளையிட்டு உண்டியலாக்கினார்கள். நாளொன்றுக்குப் பத்து ரூபாய்; ஆண்டுக்கு 3,650. பெரிய தொகையன்று, ஆயினும் மாதக் கடைசியில் கையைப் பிசைந்து நிற்காமல் காக்கும். வெறிநோய்த் தடுப்பூசியை அரசு முகாமில் போட்டுக்கொண்டோம். லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6-இல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக அவ்வூசியைச் செலுத்தியதன் நினைவாக, அந்நாளையொட்டி அரசு மருத்துவமனைகளில் இலவச முகாம்கள் நடைபெறுவதுண்டு. அரசு மருந்தகங்கள் பெரிதும் ஆடுமாடுகளுக்காகவே அமைந்தவை. ஆயினும் பூனையைக் கூடையில் கொண்டுசென்றால் திருப்பி அனுப்புவதில்லை.

2023-இல் இரண்டாவது பூனையும் அதேபோல் மணல் தொட்டியில் குந்தி முக்கியது. இம்முறை எவரிடமும் யோசனை கேட்கவில்லை. டின்னை உடைத்து, கூடையோடு பட்டுக்கோட்டை வழியே ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் பேருந்து ஏறினேன். 2012-இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரி எங்களுக்கு எட்டும் தொலைவில் இருப்பது ஒரு நிஃமத். மாணவர்கள் சூழ்ந்து நிற்க, ஆசிரியர் ஒருவர் அடைப்பை நீக்கினார். தனியார் இடத்தில் சொல்லப்பட்ட தொகையில் ஒரு சிறு பகுதியே செலவாயிற்று. உலர்தீனியைக் குறைத்து நீர்ச்சத்துள்ள உணவைக் கொடுக்குமாறும், பல இடங்களில் தண்ணீர்க் கிண்ணம் வைக்குமாறும் சொல்லி அனுப்பினார்கள்.

மஃரிபுக்குப் பின் வீடு திரும்பியபோது காக்கா வாசலில் நின்றிருந்தார். கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "எவ்வளவாச்சு?" என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே சென்றவர், உடைந்த டின்னுக்குப் பதிலாக வேறொரு டின்னை எடுத்துவந்து, துளையிட ஆணியும் சுத்தியலும் எங்கே என்று உம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.