இரண்டு திருப்புளிகள்

எம் இல்லத்தில் இரண்டு திருப்புளிகள் உள்ளன. ஒன்று எம் தந்தையார் விட்டுச் சென்றது. அதன் மரப்பிடியில் அவர்தம் கை பதிந்த தேய்வு இன்றும் தெரிகின்றது. மற்றொன்று எம் மகள் வாங்கித் தந்தது. மின்கலத்தால் தானே சுழல்வது. இவ்விரண்டிற்கும் இடையே யாம் கற்ற சிறு பாடத்தை அன்பர்கள்முன் வைக்க விழைகின்றோம்.

தந்தையார், ஜாலஹள்ளியில் 1961ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற எச்.எம்.டி. கடிகார ஆலையில் பணியாற்றியவர். பகலெல்லாம் எள்ளினும் சிறிய திருகுகளோடு பழகிய அக்கை, மாலையில் வீட்டுக் கதவின் கீலையும் அன்னையாரின் தையற்பொறியையும் செப்பனிடும். “போதும் என்று திருகே சொல்லுமடா, கைதான் அதைக் கேட்க வேண்டும்” என்பார். அதனை அன்று யாம் விளையாட்டுப் பேச்சாகவே கொண்டோம்.

ஆண்டுகள் உருண்டன. எழுபதைக் கடந்த எம் மணிக்கட்டில் தேய்மானம் புகுந்தது. ஒருநாள் சமையலறை அலமாரியின் கதவு தொங்கிவிட்டது. முடுக்க வேண்டியவை நான்கே திருகுகள். இரண்டாவதிலேயே கை ஓய்ந்து, திருப்புளி தரையில் வீழ்ந்தது. துணைவியார் ஒன்றும் கூறாமல் குனிந்து அதனை எடுத்து வைத்தார். ஏதேனும் கூறியிருந்தால் ஆறியிருப்போம். அம்மௌனமே எம்மைச் சுட்டது. நான்கு திருகுகளுக்காக வந்து போகத் தச்சருக்கு நேரமில்லை. அது அவர் குற்றமன்று. ஒன்பது நாட்கள் அக்கதவு கயிற்றால் கட்டுண்டு நின்றது. எம் வீட்டை யாமே பேணும் காலம் முடிந்ததோ என்னும் கவலை எம் உள்ளத்தைக் கௌவியது.

செய்தியறிந்த மகள், எஸ். பி. ரோடு என்று நகரத்தார் வழங்கும் கடைத்தெருவிற்குச் சென்று, ஒரு சாண் அளவே உள்ள அம்மின் திருப்புளியை வாங்கி வந்தாள். அதன் பிடிக்குள் இருப்பது ஒரே ஒரு லித்தியம் அயனி மின்கலம், 3.6 வோல்ட்டு. விரைந்து சுழலும் சிறு மோட்டாரின் வேகத்தைப் பற்சக்கரங்கள் அடக்கி, நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 சுற்றாகக் குறைக்கின்றன. வேகம் குறைய, முறுக்கும் வலிமை மிகுகின்றது. முன்னாளைய நிக்கல்–காட்மியம் மின்கலங்கள் பெட்டியில் கிடந்தே ஆற்றலை இழக்கும். 1991இல் ஜப்பானிய நிறுவனமான சோனி விற்பனைக்குக் கொணர்ந்த லித்தியம் அயனி மின்கலமோ, பல வாரங்கள் கழித்து எடுத்தாலும் உழைக்கும். திங்களுக்கு ஒருமுறையே கருவி தேடும் எம்போன்ற இல்லத்தார்க்கு இதுவே பெரும்பேறு.

கதவு சில நிமிடங்களில் நிமிர்ந்தது. எம் நெஞ்சும் நிமிர்ந்தது. சற்று மிகையாகவே நிமிர்ந்தது என்க. வீடெங்கும் தளர்ந்த திருகுகளைத் தேடித் திரிந்தோம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கூடத்துச் சுவிட்சுப் பலகையின் மூடியை முடுக்கினோம். படீரென்று அது விரிந்தது. மற்றோர் அலமாரியில், மரத்தூள் அழுத்திய பலகையில் திருகு இறங்கியபின்னும் விசையை விடாது அழுத்தியிருந்தோம். துளை சிதைந்து, திருகு பிடிப்பின்றிச் சுழன்றது. முறுக்கின் அளவைக் கட்டுப்படுத்தும் வளையம் எம் கருவியில் இல்லை. போதும் என்று திருகு சொல்லத்தான் சொல்லிற்று; பொறிக்குச் செவியில்லை, எமக்கோ அன்று மனமில்லை.

தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்து அத்துளையில் செருகி, மறுநாள் மீண்டும் முயன்றோம். இம்முறை பொறியைக் கொண்டு திருகை இறக்கி, தலை பலகையைத் தொடுமுன் நிறுத்தினோம். எஞ்சிய அரைச் சுற்றுக்குத் தந்தையாரின் திருப்புளியை எடுத்தோம். எம் மணிக்கட்டை வருத்தியது ஓயாத திருப்புதலே. அரைச் சுற்று அதற்கு இன்னும் இயன்றது. திருகு இறுகும் தடையை உள்ளங்கை உணர்ந்தது. அறுபதாண்டுகட்குமுன் கேட்ட சொல் அப்போதுதான் எமக்கு விளங்கிற்று. துருவேறிய திருகைக் கழற்றுங்கால் இம்முறையைத் தலைகீழாக்குகின்றோம். முதல் அசைவு கையால், பின்னர்ப் பொறியால்.

அமைச்சின் இயல்பு கூறப் புகுந்த வள்ளுவப் பெருந்தகை கருவியை முதற்கண் வைத்தார். ஆயினும் அதனோடு நில்லாது, காலத்தையும் செய்யும் முறையையும் அடுத்து வைத்தார். நல்ல கருவி கடையில் கிடைக்கும். நிறுத்த வேண்டிய நேரத்தை அறிவது எவர் கையினின்றேனும் நாம் பெற வேண்டிய செல்வம் அன்றோ!

இப்போதெல்லாம் வீட்டில் ஏதேனும் தளர்ந்தால், துணைவியார் இரண்டு திருப்புளிகளையும் சேர்த்தே எடுத்து வந்து எம் அருகில் வைக்கின்றார். இப்போதும் அவர் ஒன்றும் கூறுவதில்லை. ஆனால் இம்மௌனம் எம்மைச் சுடுவதில்லை.