என் தோல்விகளைத் தணிக்கை செய்தேன்

எதிரே இருந்த பையனுக்குப் பத்து வயது இருக்கும். பலகையின் மறுமுனை கைக்கு எட்டாததால் நாற்காலியில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். 2022 டிசம்பரில் நாக்பூரில் நடந்த வார இறுதிச் செஸ் போட்டியின் கடைசிச் சுற்று. அவனுடைய ரேட்டிங் 1105, என்னுடையது 1452. ஆளுக்கொரு யானை மிஞ்சியிருந்தது. அவனிடம் கூடுதலாக ஒரு சிப்பாய். ஒழுங்காக ஆடினால் டிரா ஆகியிருக்க வேண்டும். அவசரப்பட்டு யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினேன். பத்தே நகர்த்தலில் அவன் சிப்பாய் ராணியாகிவிட்டது.

கைகுலுக்கிய பிறகு பையன் இந்தியில் கேட்டான்: "அங்கிள், இந்த ஆட்டத்தை ஒரு தடவை சேர்ந்து பார்க்கலாமா?" வீட்டில் விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். விருந்தாளிகள் யாரும் இல்லை.

விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன 1988ல் நான் மதுரையில் பிளஸ் டூ மாணவன். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அந்த வருடம் செஸ் பலகை வந்து சேர்ந்தது. பிறகு கல்லூரி, வங்கி வேலை, கல்யாணம், நாக்பூருக்கு மாற்றல். பலகை பரணுக்குப் போய்விட்டது. நாற்பது வயதுக்கு மேல்தான் மறுபடி இறக்கினேன். 2014ல் கிடைத்த முதல் ரேட்டிங் 1438. எட்டு வருட உழைப்புக்குப் பிறகு 1452. அதாவது 14 புள்ளி. அதையும் அந்தப் பையன் ஒரே ஆட்டத்தில் பறித்துக்கொண்டான். மேற்கொண்டு நாலு புள்ளியும் போயிற்று.

உழைக்கவில்லை என்று என்னை யாரும் சொல்ல முடியாது. ஆட்டத்தின் ஆரம்ப நகர்த்தல்கள் பற்றி மட்டுமே ஒரு அலமாரி நிறையப் புத்தகங்கள் வாங்கியிருந்தேன். சிசிலியன் தற்காப்பில் இருபது நகர்த்தல் வரை மனப்பாடம். எதிராளிகள் ஐந்தாவது நகர்த்தலிலேயே வேறு பாதையில் போய்விடுவார்கள். இரவில் தூக்கம் வரும்வரை செல்போனில் மூன்று நிமிட ஆட்டங்கள் பத்துப் பதினைந்து ஆடுவேன். தோற்றால் காரணம் கைவசம் இருக்கும்: வயதாகிவிட்டது, குழந்தைகளுக்குப் பயிற்சியாளர் இருக்கிறார், முந்தின நாள் தூக்கம் சரியில்லை.

அன்று இரவு என் மனைவி ஒரு பாலிதீன் பையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். போட்டி முடிந்து வந்ததும் சட்டைப் பையிலிருந்து நான் கசக்கி எறிந்த ஸ்கோர் ஷீட்டுகளை எல்லாம் துவைக்கும் முன் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறாள். "ஊர்ல இருக்கிற பிராஞ்ச் கணக்கெல்லாம் புரட்டிப் புரட்டிப் பாக்கறீங்க. இதை ஒரு நாளாவது பிரிச்சுப் பாத்தீங்களா?" என்றாள்.

நான் வங்கியில் உள் தணிக்கை அதிகாரி. அடுத்தவர் கணக்கில் தவறு கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. சுருக்கென்றது.

பையில் தோற்ற ஆட்டங்கள் மட்டும் 61 இருந்தன. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவற்றை ஒவ்வொன்றாகப் பலகையில் ஆடிப் பார்த்தேன். ஒரு முழுநீளத் தாளில் நான்கு பத்திகள் பிரித்து, தோற்றதன் காரணத்தைக் குறித்தேன். ஆரம்ப நகர்த்தல்கள் தெரியாததால் தோற்றவை 6. எதிராளியின் மிரட்டலைக் கவனிக்காமல் ஒரே நகர்த்தலில் காயைப் பறிகொடுத்தவை 27. சமமாகவோ சாதகமாகவோ இருந்த இறுதிக் கட்டத்தைக் கோட்டைவிட்டவை 19. எதிராளி நிஜமாகவே என்னைவிட நன்றாக ஆடி ஜெயித்தவை 9. எட்டு வருடப் பணமும் நேரமும் அந்த ஆறு ஆட்டங்களுக்காகச் செலவாகியிருந்தன.

இதைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் ஏற்கெனவே நிறையச் சொல்லியிருக்கிறார்கள். 1973ல் அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் நடத்திய சோதனை பிரபலமானது. நிஜமான ஆட்டத்தின் ஒரு நிலையைச் சில விநாடிகள் காட்டினால் தேர்ந்த ஆட்டக்காரர் அதைப் பெரும்பாலும் அப்படியே திருப்பி அடுக்கிவிடுவார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் அவருக்கும் கற்றுக்குட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவரிடம் இருப்பது அபார ஞாபகசக்தி அல்ல, பழகிய அமைப்புகளின் சேமிப்பு. இரவு நேரத்து மூன்று நிமிட ஆட்டங்களில் நான் சேமித்ததெல்லாம் என் பழைய தவறுகளைத்தான். தனியாக உட்கார்ந்து படித்த நேரத்துக்கும் ரேட்டிங்குக்கும் உள்ள தொடர்பு, போட்டிகளில் ஆடிய நேரத்துக்கு உள்ள தொடர்பைவிட வலுவானது என்று 2005ல் நீல் சார்னெஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

செல்போன் ஆட்டத்தை நிறுத்தினேன். காலையில் ஆபீஸ் போகும் முன் 45 நிமிடம் பலகையில் புதிர்கள், யானை இறுதிக் கட்டங்கள். பையனிடம் நான் தோற்ற நிலைக்கான மருந்து 18ம் நூற்றாண்டிலேயே பிலிடோர் எழுதி வைத்தது. எதிராளியின் சிப்பாய் அவன் பக்கத்திலிருந்து எண்ணினால் ஆறாவது வரிசைக்கு வரும்வரை நம் யானை அந்த வரிசையிலேயே காவல் நிற்க வேண்டும். சிப்பாய் அங்கே வந்ததும் யானை பலகையின் மறுகோடிக்குப் போய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான். கற்றுக்கொள்ள எனக்கு ஒரு காலை போதுமானதாக இருந்தது. எட்டு வருடமாக அந்த ஒரு காலை கிடைக்கவில்லை. இன்னொரு பழக்கம், காயைத் தொடும் முன் மனதுக்குள் ஒரு கேள்வி: அவன் என்ன செய்யப் பார்க்கிறான்?

உடனே பலன் கிடைத்துவிடவில்லை. கேள்வி கேட்டுக் கேட்டு ஆடியதில் கடிகாரத்தில் நேரம் தீர்ந்து தோற்றேன். 2023 நடுவில் 1411க்கு இறங்கினேன். மறுபடி ஏறி 2024 பிப்ரவரியில் 1460.

மார்ச் முதல் தேதி 1676! நான் ஒரு காயைக்கூட நகர்த்தவில்லை. ரேட்டிங்குகள் கீழே சரிந்து கிடப்பதைச் சரிசெய்ய, உலகச் செஸ் சம்மேளனம் 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கெல்லாம் 2000லிருந்து எவ்வளவு குறைவோ அதில் 40 சதவிகிதத்தைச் சேர்த்துக் கொடுத்தது. ஆபீஸில் கைகுலுக்கினார்கள், இனிப்புக் கேட்டார்கள். எட்டு வருடம் நான் ஏங்கிய எண் கையில் இருந்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. நான் துரத்தியது எண்ணைத்தானா என்று அன்றுதான் யோசித்தேன்.

அந்த வருடம் டிசம்பர் 12ல் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டம். டிரா என்று எல்லோரும் நினைத்திருந்த இறுதிக் கட்டத்தில், 55வது நகர்த்தலில், டிங் லிரன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். டிங்கின் முகத்தைத் திரையில் பார்த்தபோது எனக்கு அந்த டிசம்பர் மாலை ஞாபகம் வந்தது.

போன வருடம் ஒரு போட்டியில் பன்னிரண்டு வயதுச் சிறுமியுடன் ஆடினேன். ரேட்டிங்கில் என்னைவிட நிறைய முன்னால் இருப்பவள். திவ்யா தேஷ்முக்கைத் தந்த நாக்பூரில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பஞ்சமில்லை. மறுபடி அதே நிலை: ஆளுக்கொரு யானை, அவளிடம் கூடுதலாக ஒரு சிப்பாய். என் யானை ஆறாவது வரிசையில் காவல் நின்றது. 74வது நகர்த்தலில் அவளே டிரா கேட்டாள்.

"இந்த ஆட்டத்தை ஒரு தடவை சேர்ந்து பார்க்கலாமா?" என்று இந்த முறை நான்தான் கேட்டேன். அவள் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிறுமி அதற்குள் காய்களை அடுக்கத் தொடங்கிவிட்டாள். 31வது நகர்த்தலில் எனக்கு ஜெயிக்கும் வழி இருந்திருக்கிறது. குதிரையை எடுத்து வைத்துக் காட்டினாள். நான் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து அதையும் குறித்துக்கொண்டேன். இரண்டாவது பத்தியில்.