குஞ்சப்பனையில் வந்த விக்கல்

பிப்ரவரி 9, ஞாயிறு

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது வண்டி திக்கியது. சமவெளியில் ஒரு குறையும் இல்லை. குஞ்சப்பனை தாண்டி ஓர் ஏற்றத்தில், முன்னால் போன பஸ்ஸை முந்தலாமென்று மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். டர்போ விசிலடித்து இழுக்கத் தொடங்கிய நேரம் பார்த்து டக், டக் என்று வெட்டியது. மீட்டரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு சிமிட்டியது. காலை எடுத்தால் சாது. மிதித்தால் மறுபடி வெட்டு.

“தண்ணி குடுத்துப் பாருங்க, விக்கல் நிக்கும்” என்றாள் மனைவி.

பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். அந்த விளக்கு நிலையாக எரிந்தால் நாளைக்குப் பார்க்கலாம். சிமிட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்க் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். திரும்பும்போது காலைப் பூப்போல வைத்து ஓட்டினேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினார்கள். பி0300. எந்த சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியாத மிஸ்ஃபயர். ஸ்கேனர் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சிலிண்டர் வெடிக்காதபோது கிராங்க் ஷாஃப்ட் கண நேரம் சுணங்குகிறது; வண்டிக் கம்ப்யூட்டர் அந்தச் சுணக்கத்தைத்தான் எண்ணுகிறது. காரணம் பொறியா, பெட்ரோலா, காற்றா என்பது அதற்குத் தெரியாது.

பையன் ஒரு பிளக்கைக் கழற்றி, காயிலில் செருகி, எஞ்சின் மேல் சாய்த்து செல்ஃப் அடித்தான். பளிச்சென்று நீலப் பொறி. “கரண்டு சூப்பரா வருதுங்க சார். டர்போதான் போயிருக்கும்” என்று எண்பதாயிரத்துக்கு ஒரு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய், இரவு

தூக்கம் வரவில்லை. பாலிடெக்னிக்கில் இருபது வருஷமாக பாஷென் விதி நடத்துகிறவன் நான். 1889இல் ஃப்ரீட்ரிக் பாஷென் கண்டது: இரண்டு முனைகளுக்கு நடுவே பொறி பாயத் தேவைப்படும் வோல்டேஜ், வாயுவின் அழுத்தமும் இடைவெளியும் சேர்ந்து தீர்மானிக்கிற விஷயம். போர்டில் எத்தனை தடவை அந்த வளைகோட்டை வரைந்திருப்பேன்! நேற்று அந்த நீலப் பொறியைப் பார்த்து நானும் அல்லவா தலையாட்டினேன்.

தோராயமாகக் கணக்குப் போட்டேன். வெளிக்காற்றில் ஒரு மில்லிமீட்டர் தாண்ட மூவாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறிப் பொறி பாயும் நேரத்தில் காற்று ஏழெட்டு மடங்கு அடர்ந்திருக்கும். டர்போ முழுமூச்சில் திணிக்கும்போது அது பன்னிரண்டு மடங்கைத் தாண்டலாம். 0.7 மில்லிமீட்டர் இடைவெளிக்கே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் கேட்கும். வெளியில் அதே பிளக்குக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் போதும். எஞ்சின் மேல் சாய்த்துப் பார்ப்பது, தரையில் நடக்கிறவனைப் பார்த்து மலையேறுவான் என்று சான்றிதழ் கொடுப்பது மாதிரி.

பிப்ரவரி 13, வியாழன்

நாலு பிளக்கையும் நானே கழற்றினேன். ஃபீலர் கேஜில் 0.95 காட்டின. புத்தகம் சொல்வது 0.7. தேய்ந்து அகன்றிருக்கின்றன. வெள்ளைப் பீங்கானின் அடியில் பழுப்பு வளையம் ஒன்று இருந்தது. கேஸ் கசிகிறது என்று இதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். உயர் வோல்டேஜில் சுற்றியுள்ள எண்ணெய்த் துகள்கள் ஒட்டிய கறை அது, ஒன்றும் செய்யாது. பீங்கான் மேல் பென்சிலால் கிறுக்கினது மாதிரி நெடுக்காகக் கருங்கோடு இருந்தால்தான் கவலை. அந்த வழியாகக் கரண்டு வழிந்து ஓடுகிறது. என் பிளக்குகளில் அது இல்லை.

புதுசு போட்டேன். வெட்டு பாதிக்குப் பாதி குறைந்தது. போகவில்லை. இடைவெளி குறைந்ததால் கேட்கிற வோல்டேஜ் குறைந்தது, அவ்வளவுதான். காய்ச்சல் இறங்கியிருக்கிறது, நோய் உள்ளேயே இருக்கிறது.

பிப்ரவரி 15, சனி

காயில்களை இடம் மாற்றிப் பார்த்தேன். காயில் ஒன்று கெட்டிருந்தால் அது போகிற சிலிண்டருக்கெல்லாம் மிஸ்ஃபயரும் கூடவே போகும். இங்கே நாலிலும் பரவலாக, எப்படி மாற்றினாலும் அதே கதை. நாலு காயிலும் ஒரே வாரத்தில் கெடாது. நாலுக்கும் பொதுவாக ஏதோ இருக்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

சிங்காநல்லூரில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். நான் மல்ட்டிமீட்டரை நீட்டி, “காயில் கனெக்டர்ல பேட்டரி வோல்டேஜ் முழுசா வருதுங்கண்ணா” என்றேன்.

“சும்மா இருக்கறப்ப வருமுங்க சார். வேல குடுத்துப் பாக்கோணும்” என்றார்.

டப்பாவிலிருந்து பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்தார். 55 வாட். இரண்டு ஒயர் பற்றவைத்து, முனையில் மெல்லிய பின்கள். கனெக்டரின் சப்ளை ஊசிக்கும் எர்த் ஊசிக்கும் நடுவே மாட்டி சாவியைத் திருப்பினார். பல்பு மங்கலாக எரிந்தது. எரியும்போதே மீட்டரின் ஒரு முனையை எர்த் ஊசியிலும் மறுமுனையைப் பேட்டரி மைனஸிலும் வைத்தார். 1.2 வோல்ட். “இங்கதானுங்க திங்குது.”

நாலரை ஆம்பியருக்கு 1.2 வோல்ட் என்றால் கால் ஓம். சின்ன எண்தான். ஆனால் காயில் பிரைமரியின் தடையே பொதுவாக ஒரு ஓமுக்குள் அடங்கும். கம்ப்யூட்டர் காயிலுக்குச் சில மில்லிசெகண்ட்தான் கரண்டு விடுகிறது. பேட்டரி இறங்கினால் அந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுக்கவும் அதற்குத் தெரியும். ஆனால் அது அளப்பது தன் வாசலுக்கு வரும் வோல்டேஜை. காயில் வாசலில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. கரண்டு முழு உயரம் ஏறுமுன் கதவைச் சாத்திவிடுகிறது. காயிலில் சேரும் ஆற்றல் கரண்டின் இருமடியைப் பொறுத்தது. கரண்டு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. ஊருக்குள் ஓட்ட மிச்சம் இருப்பது போதும். மலைக்குப் போதாது.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம், ஏர் ஹோஸுக்கு அடியில் ஒரு பத்து எம்எம் போல்ட். கழற்றினால் எர்த் வளையத்துக்கு அடியில் கறுப்பு கேஸ்கட் பேஸ்ட் பாலாடை மாதிரி படிந்திருந்தது, ஓரமெல்லாம் வெள்ளைப் பூ. போன மழைக்காலத்தில் வால்வ் கவர் கேஸ்கட் மாற்றியபோது யாரோ கை துடைக்காமல் மாட்டியிருக்கிறார்கள். உப்புக் காகிதத்தால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முடுக்கினார். பல்பு பளீர். மீட்டரில் 0.04.

பிப்ரவரி 23, ஞாயிறு

மறுபடி கோத்தகிரி. அதே ஏற்றம், அதே மூன்றாவது கியர். முந்துவதற்குப் பஸ் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு காய்கறி லாரியை முந்தினேன். வெட்டு இல்லை. ஸ்கேனரில் நாலு சிலிண்டருக்கும் மிஸ்ஃபயர் எண்ணிக்கை பூஜ்யம்.

எலெக்ட்ரீஷியன் வாங்கியது முந்நூறு ரூபாய். அதில் வாஷருக்கு ஐந்து ரூபாய்.